மெல்ல மறந்த வாய்

1834ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் ஹார்லன் ஒரு பழங்கால விலங்குக்குப் பெயர் வைத்தார். அவர் பார்த்தது லூசியானாவில் கிடைத்த பிரம்மாண்டமான ஒரு முள்ளெலும்பு. இவ்வளவு பெரிய முதுகெலும்பு உள்ளது கடலில் வாழ்ந்த ராட்சதப் பல்லியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, 'பாசிலோசாரஸ்' என்றார். பல்லிகளின் அரசன் என்று பொருள்.

அப்புறம் அலபாமாவிலிருந்து தாடைத் துண்டுகளும் பற்களும் வந்தன. 1839இல் அவற்றை எடுத்துக்கொண்டு ஹார்லன் லண்டனுக்குப் போனார். அங்கே ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்றியலாளர் ஒரு பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பல்லின் அடிப்பகுதியையும் பார்த்தார். இரண்டு வேர்கள் இருந்தன. பல்லி, முதலை போன்ற ஊர்வனவற்றின் பல் ஒற்றை வேரோடு நிற்கும். இரட்டை வேர் ஊன்றிய கடைவாய்ப்பல் பாலூட்டியின் அடையாளம். ஆகவே இது பல்லி இல்லை, திமிங்கல இனம் என்று ஓவன் சொல்லிவிட்டார். ஹார்லனும் ஒப்புக்கொண்டார். 'சூக்ளோடான்', அதாவது நுகத்தடிப் பல், என்று ஓவன் புதுப்பெயரும் சூட்டிப் பார்த்தார். ஆனால் விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில் முதலில் வைத்த பெயருக்கே உரிமை. அதனால் அந்தத் திமிங்கலம் இன்றும் பல்லிகளின் அரசன்தான்.

கதை அதோடு முடியவில்லை. 1845இல் ஆல்பர்ட் கோச் என்பவர் இதே விலங்கின் எலும்புகளைக் கோத்து, 114 அடி நீளத்தில் ஒரு 'கடல் பாம்பு' செய்து நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் காசு கொடுத்துப் பார்த்தது. ஜெஃப்ரிஸ் வைமன் என்ற உடற்கூற்றியலாளரும் போய்ப் பார்த்தார். எலும்புகள் ஒரே உடலைச் சேர்ந்தவை அல்ல என்பதைக் கண்டுகொண்டார். பல்லையும் பார்த்தார். மறுபடியும் அதே இரட்டை வேர். பாம்புக்கு ஏது இரட்டை வேர்ப் பல்? குட்டு உடைந்தது.

ஒரே விலங்கை ஒருமுறை பிழையிலிருந்தும் ஒருமுறை மோசடியிலிருந்தும் காப்பாற்றியது அதன் பல்தான். திமிங்கலங்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கால்கள் துடுப்பானதையும், மூக்கு உச்சந்தலைக்கு ஏறியதையும் சொல்வார்கள். எனக்கு வாயின் கதைதான் சுவாரசியமாகப் படுகிறது. ஏனென்றால் அது ஒன்றை இழந்த கதை. மெல்லுவதை விட்டுவிட்ட கதை.

உரலும் பாக்குவெட்டியும்

திமிங்கலத்துக்குப் போவதற்கு முன் உங்கள் நாக்கை உங்கள் வாய்க்குள் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முன்னால் தட்டையான வெட்டுப்பற்கள், பக்கத்தில் கூரான கோரைப்பல், அதற்குப் பின்னால் முன்கடைவாய்ப்பற்கள், கடைசியில் மேடும் பள்ளமுமாகக் கடைவாய்ப்பற்கள். ஒரே வாயில் நாலு வகை. இது பாலூட்டிகளின் சொத்து. முதலையின் வாயைப் பார்த்தால், அளவில் வேறுபாடு இருக்குமே தவிர எல்லாம் ஒரே மாதிரி கூம்புகள்.

நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளின் பழைய மூதாதைக்கு வாயின் ஒவ்வொரு கால்பகுதியிலும் 3 வெட்டுப்பற்கள், 1 கோரைப்பல், 4 முன்கடைவாய்ப்பற்கள், 3 கடைவாய்ப்பற்கள் இருந்தன. மொத்தம் 44. நமக்கு அதில் 32தான் மிச்சம். பன்றி இன்னும் 44ஐயும் வைத்துக்கொண்டிருக்கிறது. திமிங்கலங்களும் அதே 44இல்தான் தொடங்கின. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைவாய்ப்பல் என்பது உண்மையில் இரண்டு கருவிகள் சேர்ந்த ஒன்று. மேல்பல்லின் உள்பக்க மேடு, கீழ்ப்பல்லின் குழிக்குள் வந்து உட்காரும். இது உரலும் உலக்கையும். அதற்கு முன், வாயை மூடும்போதே மேல்பல்லின் ஓரமும் கீழ்ப்பல்லின் ஓரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். இது பாக்குவெட்டி. கீரைத்தண்டும் தானியமும் தின்பவருக்கு உரல் முக்கியம். மாமிசம் தின்பவருக்குப் பாக்குவெட்டி முக்கியம். பசுவின் கடைவாயையும் பூனையின் கடைவாயையும் ஒப்பிட்டால் இது பட்டென்று விளங்கும். பசு ஆற அமர அரைக்கிறது. பூனை தலையைச் சாய்த்து நறுக்கி, அப்படியே விழுங்குகிறது.

உரலும் உலக்கையும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதால்தான் நமக்கு ஒரே ஒரு முறை பல் விழுந்து முளைக்கிறது. சுறாவைப் போல ஆயுள் முழுக்க முளைத்துக்கொண்டே இருந்தால் மேலும் கீழும் எப்போது பொருந்துவது?

இன்னொரு விஷயமும் உண்டு. பல்லின் மேலுறையான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். எலும்பு ஆயுள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எனாமல் அப்படியில்லை. அது உருவான காலத்தில் அந்த விலங்கு குடித்த நீரின், தின்ற உணவின் தடம் அதில் அப்படியே தங்கிவிடும். ஆக்சிஜனிலும் கார்பனிலும் எடை கூடிய அணுக்களும் எடை குறைந்த அணுக்களும் கலந்திருக்கும். ஐசோடோப்புகள் என்பது இவற்றைத்தான். ஆற்று நீரில் அந்தக் கலவை ஒருவிதம், கடல் நீரில் வேறுவிதம். நிலத்துச் செடிகளில் ஒருவிதம், கடல் உணவில் வேறுவிதம். ஆக ஒரு பல் மூன்று வகையில் பேசுகிறது: வடிவம், தேய்மானம், வேதியியல். வடிவம் அந்தப் பல் எதற்கு ஏற்றது என்று சொல்லும். தேய்மானம் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. கத்தியை வைத்து டப்பா மூடி நெம்புகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்களே.

தண்ணீரில் இறங்கிய செடி தின்னி

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதத் தொடங்கியிருந்த காலம். இரண்டுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் சுருங்கிக்கொண்டிருந்தது. அதன் கரையோர ஆறுகளும் ஆழமில்லாத கடலும்தான் திமிங்கலங்கள் பிறந்த இடம். அன்றைய ஆற்றுப் படுகைகளும் கடலடிச் சேறும் இன்று பாகிஸ்தானின் குன்றுகளாகவும், காஷ்மீரின் பாறைகளாகவும், கட்ச்சின் வறண்ட நிலமாகவும் கிடக்கின்றன.

ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்த எலும்புகளில் ஒன்று இந்தோஹையஸ். 1971இல் அவரே அதை விவரித்தார். குளம்புள்ள ஒரு சின்ன விலங்கு, ஏறக்குறைய பூனை அளவு. அவர் இறந்தபின், பாறைக்குள்ளேயே சிக்கியிருந்த மிச்ச எலும்புகளை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் அவர் மனைவி கொடுத்தார். தெவிசனின் ஆய்வகத்தில் பாறையை நீக்கும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் காதெலும்பு வெளியே தெரிந்தது. அதன் ஒரு விளிம்பு தடித்துப் பருத்திருந்தது. அப்படிப்பட்ட காதெலும்பு அதுவரை திமிங்கலங்களுக்கு மட்டுமே இருப்பதாக நினைத்திருந்தார்கள். 2007இல் முடிவு வெளியானது: இந்தோஹையஸின் குடும்பம் திமிங்கலங்களுக்கு மிக நெருங்கிய உறவு.

இந்த விலங்கின் எலும்புகள் கனத்தவை. நீர்யானையைப் போலத் தண்ணீருக்கடியில் நடக்க உதவும் கனம் அது. எனாமலில் உள்ள ஆக்சிஜனும் நீரில் நிறைய நேரம் கழித்த விலங்குக்கு உரியதாகவே இருந்தது. ஆனால் கடைவாய்ப்பற்கள் குழியும் மேடுமாகத்தான் இருந்தன. கார்பனும் இது மீன் தின்னி என்று காட்டவில்லை, நிலத்துச் செடிகளின் பக்கமே கைகாட்டியது. தண்ணீரில் நேரம் கழித்த விலங்கு தண்ணீரில் சாப்பிடவில்லையா? தெவிசனின் விளக்கம் எளிமையானது. ஆப்பிரிக்காவில் நீர்ச் சருகுமான் என்ற ஒன்று இன்றும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுமானின் உறவு. கரையில் இலையும் பழமும் தின்னும். கழுகோ வேறு எதுவோ துரத்தினால் ஓடைக்குள் குதித்து மறைந்துகொள்ளும். இந்தோஹையஸும் அப்படித்தான் வாழ்ந்திருக்கும் என்கிறார் அவர்.

அதாவது, மீனைத் தேடிப் போய் நீரில் இறங்கவில்லை, பயத்தில் இறங்கியிருக்கிறது. சாப்பாடு பிறகுதான் மாறியது. இந்த வரிசை எனக்கு எதிர்பாராததாக இருந்தது. பசித்துத்தான் கடலுக்குப் போயிருக்கும் என்று சின்ன வயதில் நானாகவே கற்பனை செய்து வைத்திருந்தேன்.

கால் நிலத்தில், வாய் நீரில்

அடுத்து பாக்கிசீட்டஸ், மிகப் பழைய திமிங்கலங்களில் ஒன்று. பாகிஸ்தானில் கிடைத்த மண்டையோட்டை வைத்து 1981இல் பிலிப் கிங்கரிச்சும் டொனால்ட் ரஸ்ஸலும் பெயர் வைத்தார்கள். 2001இல் உடல் எலும்புகளும் வெளிவந்தன. பார்த்தால் ஓநாய் மாதிரி. நீண்ட கால்கள், கணுக்காலில் மான், பன்றி வகைக்கே உரிய இரட்டைக் கப்பி போன்ற எலும்பு. கண்கள் மட்டும் முதலையைப் போல மண்டையின் உச்சியில், ஒன்றையொன்று நெருங்கி இருந்தன. ஆழமில்லாத ஓடையில் உடலை அமிழ்த்திக்கொண்டு மேலே எட்டிப் பார்ப்பதற்கு ஏற்ற அமைப்பு.

இதன் வாயில்தான் பெரிய மாற்றம். 44 பற்களும் இருந்தன. வகைப்பிரிவும் இருந்தது. ஆனால் கீழ்க் கடைவாய்ப்பல்லில் உரல் காணாமல் போய்விட்டது. முன்னால் உயரமான ஒரு முனை, பின்னால் தாழ்ந்த ஒரு முனை, அவ்வளவுதான். தேய்மானத்தைப் பார்த்தால், பல்லின் உச்சியில் அரைத்ததால் வரும் மழுங்கலுக்குப் பதிலாக, பக்கவாட்டில் செங்குத்தாக வழித்தெடுத்தது போன்ற பளபளப்பான தேய்ப்பு. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று உரசி இறங்கியதன் தடம் அது. உலக்கையை ஓரமாகச் சாத்திவிட்டு, பாக்குவெட்டியை மட்டும் வைத்துக்கொண்ட வாய். எனாமலின் வேதியியலும் கூடவே சேர்ந்துகொள்கிறது: நன்னீர், நன்னீரில் கிடைத்த இரை.

கவனியுங்கள், கால்கள் இன்னும் நடப்பதற்கானவை. துடுப்பு இல்லை, வால் விசிறி இல்லை. கால் நிலத்தை விடுவதற்கு வெகு முன்பே வாய் நீருக்குப் போய்விட்டது. உடல் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தது.

ஆம்புலோசீட்டஸ் இன்னும் கொஞ்சம் முன்னேறியது. பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் காலா சிட்டா குன்றுகளில் கிடைத்து, 1994இல் விவரிக்கப்பட்டது. சுமார் 3 மீட்டர் நீளம், பெரிய பாதங்கள், நீண்ட வலுவான தாடை. கரையோரத்தில் பதுங்கிக் கிடந்து, தண்ணீர் குடிக்க வரும் விலங்கைப் பாய்ந்து கவ்வும் முதலை மாதிரியான வாழ்க்கை என்று கருதுகிறார்கள். கடலோரப் படிவுகளில் கிடைத்தாலும் அதன் பல் நன்னீர் குடித்ததாகவே சொல்கிறது. கழிமுகத்தில் வாழ்ந்திருக்கலாம்.

நம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில் அசோக் சாஹ்னியும் அவருக்குப் பின் சுனில் பாஜ்பாயும் மற்றவர்களும் தேடியெடுத்த ரெமிங்டோனோசீட்டஸ் குடும்பம். (தட்டச்சுப் பொறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழந்திமிங்கலங்களை ஆராய்ந்த ரெமிங்டன் கெல்லாக்கின் பெயர் அது.) இவற்றின் மூக்கும் தாடையும் நீண்டு ஒடுங்கியவை, கங்கையில் உள்ள கரியால் முதலையைப் போல. கண்கள் சிறியவை. கலங்கிய நீரில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி மீனைக் கவ்வுவதற்கு இதைவிடத் தோதான வாய் இல்லை. குச்சிசீட்டஸ் என்று கட்ச்சின் பெயரையே தாங்கிய ஒன்று இந்தக் குடும்பத்தில் உண்டு. மிகச் சிறியது. இவற்றின் எனாமலில் கடல் தெரியத் தொடங்குகிறது.

அதன்பின் வந்த புரோட்டோசீட்டிடுகள் என்ற பழந்திமிங்கலங்கள் ஆசியாவை விட்டு ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவின. நீரில் திறமை கூடியது, பின்னங்கால் இடுப்பெலும்போடு கொண்ட பிடிப்பு சிலவற்றில் தளர்ந்தது. இதில் மையாசீட்டஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2009இல் கிங்கரிச் குழு விவரித்த ஒரு எலும்புக்கூட்டின் வயிற்றுக்குள் இன்னொரு சின்ன எலும்புக்கூடு. அது கரு என்பது அவர்கள் முடிவு. அந்தக் கருவின் முதல் கடைவாய்ப்பற்கள் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தன. பிறந்த கையோடு ஓடியாடும் கன்றுக்குட்டியைப் போல இதன் குட்டியும் பிறந்தவுடன் சுறுசுறுப்பாக இருந்திருக்கும் என்று அதிலிருந்து அவர்கள் ஊகித்தார்கள்.

திமிங்கலத்தைத் தின்ற திமிங்கலம்

இப்போது பழைய பாசிலோசாரஸுக்குத் திரும்பலாம். எகிப்தில் கெய்ரோவுக்குத் தென்மேற்கே வாடி அல் ஹிதான் என்றொரு பாலைவனப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயருக்கே திமிங்கலங்களின் பள்ளத்தாக்கு என்றுதான் பொருள். 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மணலில் நூற்றுக்கணக்கான திமிங்கல எலும்புக்கூடுகள். அங்கே இரண்டு முக்கியமானவை: 15 மீட்டரையும் தாண்டும் பாசிலோசாரஸ், 5 மீட்டர் அளவே உள்ள டோருடான். இரண்டும் முழுக் கடல் விலங்குகள். பின்னங்கால்கள் இருந்தன, ஆனால் உடலைத் தாங்க வழியில்லாத பொம்மைக் கால்கள்.

பாசிலோசாரஸின் வாயில் முன்பற்கள் கூம்பாக, கவ்வுவதற்கு. பின்பற்கள் முக்கோணமாக, முன்னும் பின்னும் படிப்படியாகச் சிறு முனைகளோடு, அரிவாள் பல் போல. மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல் போய்விட்டது. ஆக 44, 42 ஆனது. ஆனால் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வழக்கம் இன்னும் இருந்தது. டோருடான் எலும்புக்கூடுகளில் எது குட்டி, எது வளர்ந்தது என்று பிரித்தறிய இதுவும் உதவுகிறது.

அந்தப் பற்களால் என்ன தின்றது? இங்கே ஊகத்துக்கு வேலையில்லை. டோருடான் குட்டிகளின் மண்டையோடுகளில் கடித்த துளைகள் இருந்தன. அவை பாசிலோசாரஸின் பல் வரிசையோடு பொருந்தின. பிறகு 2010இல் அதே பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு பாசிலோசாரஸின் வயிறு இருந்த இடத்தில், கடித்து உடைத்த டோருடான் குட்டிகளின் எலும்புகளும் பிக்னோடஸ் என்ற பெரிய மீனின் எச்சங்களும் குவிந்திருந்தன. 2019இல் அந்த ஆய்வு வெளியானது. டோருடான்கள் குட்டி ஈன வந்த கடற்பரப்பில் இது வேட்டைக்குத் திரிந்திருக்கிறது. இன்று ஓர்கா திமிங்கலங்கள் மற்ற திமிங்கலங்களின் குட்டிகளைத் துரத்துவதைப் போல.

'திமிங்கிலம்' என்ற நம் சொல்லே வடமொழியில் 'திமி என்னும் பெருமீனை விழுங்குவது' என்ற பொருளில் வந்தது. அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவதற்குத் 'திமிங்கிலகிலம்' என்று பழைய நூல்களில் இன்னொரு சொல் உண்டு. கற்பனை விலங்குதான். ஆனால் எகிப்தின் மணலில் கிடந்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பல்லிகளின் அரசன் என்று ஹார்லன் அவசரப்பட்டுவிட்டார்.

பல் கூடியவை, பல் போனவை

சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்தது. அண்டார்டிகா தனித்து உறைந்தது, அதைச் சுற்றிய கடலில் நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களும் பெருகின. இந்தக் காலத்தை ஒட்டித்தான் இன்றைய இரண்டு பெருங்கிளைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று பல்லுள்ள திமிங்கலங்கள். ஓங்கில்களும், அதாவது டால்பின்களும், இதில் அடக்கம். மற்றது பல்லில்லாத, வடிகட்டித் தின்னும் திமிங்கலங்கள்.

ஓங்கிலின் வாயைப் பாருங்கள். பாலூட்டியின் நாலு வகைப் பற்கள் எங்கே? ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே மாதிரி ஆப்புகள், வரிசையாக. சில ஓங்கில்களுக்கு 200க்கும் மேல். முதலையின் வாய்க்கே திரும்பிப் போனது போல. பால்பல், நிலைப்பல் என்ற இரட்டை முளைப்பும் இல்லை. ஒரே தொகுதிதான். அரைப்பதோ நறுக்குவதோ இல்லாதபோது மேல்பல் கீழ்ப்பல்லோடு பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. வழுக்கும் மீனைப் பிடித்துக்கொண்டால் போதும், அப்புறம் தலையோடு விழுங்கிவிடலாம். எதிரொலியை வைத்து இரையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தபின், வாய் வெறும் கவ்வியாக இருந்தாலே போதுமானதாகிவிட்டது.

இது எப்படி நடந்தது என்பதற்குக் கருவில் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. பன்றி போன்ற பாலூட்டியின் கருவில், தாடையின் முன்பகுதியில் ஒரு மரபணு வேலை செய்கிறது, பின்பகுதியில் வேறொன்று. முன்னால் பிஎம்பி4, பின்னால் எஃப்ஜிஎஃப்8. முன்பல் எளிமையாகவும் பின்பல் சிக்கலாகவும் அமைவதற்கும் இந்தப் பங்கீட்டுக்கும் தொடர்புண்டு. தெவிசன், பாஜ்பாய் உள்ளிட்ட குழு 2013இல் புள்ளி ஓங்கிலின் கருவைப் பார்த்தபோது, முன்பகுதிக்குரிய பிஎம்பி4 பின்னால் வரை நீண்டிருந்தது. வயலின் நடுவே இருந்த வரப்பு ஒருபக்கமாக அழிந்துபோன மாதிரி. அதனால் பின்பல்லும் முன்பல் போல எளிய கூம்பாகிறது என்பது அவர்கள் கருத்து.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அமேசான் ஆற்று ஓங்கிலுக்குப் பின்பற்கள் அகன்று, கடைவாய்ப்பல் போல இருக்கும். ஓடு போன்ற தோலுள்ள கெளுத்தி மீன்களை நொறுக்க அது வசதி.

இன்னும் சில திமிங்கலங்கள் கவ்வுவதைக்கூடக் கைவிட்டுவிட்டன. ஸ்பெர்ம் திமிங்கலத்துக்குக் கீழ்த்தாடையில் மட்டுமே பெரிய பற்கள். மேல்தாடையில் அவை பொருந்தும் குழிகள். கீழ்த்தாடை வளைந்தும் உடைந்தும் போன ஸ்பெர்ம் திமிங்கலங்கள்கூட நன்றாகக் கொழுத்து இருந்ததைத் திமிங்கல வேட்டைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். கணவாயை அது கடிப்பதில்லை, வாயைத் திறந்து உறிஞ்சுகிறது. அலகுத் திமிங்கலங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆணுக்கு மட்டும் இரண்டே பல் வெளியே தெரியும், அதுவும் சண்டைக்கு. நார்வாலுக்கு வாய்க்குள் பயன்படும் பல்லே கிடையாது. உதட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும் ஒற்றைத் தந்தம் மட்டும்தான்.

அடுத்த கிளைக்கு வருவோம். நீலத் திமிங்கலத்தின் மேல்தாடையின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான தகடுகள் திரைபோலத் தொங்குகின்றன. பலீன் என்பது அதன் பெயர். அது பல் இல்லை, எலும்பும் இல்லை. நம் நகத்தில் உள்ள கெரட்டின். உள்விளிம்பு நார் நாராகப் பிரிந்திருக்கும். வாய் நிறையக் கடலை அள்ளி, தண்ணீரை இந்த நார் வழியே வெளியே தள்ளி, உள்ளே தங்கியதை விழுங்குவதுதான் சாப்பாடு. சோறு வடிக்கிற மாதிரி. பெரும்பாலான கடல்களில் அந்தச் சோறு, இறால் போன்ற கிரில் என்ற சிற்றுயிர். இலங்கையைச் சுற்றியுள்ள கடலில், திருகோணமலைப் பக்கமும் வரும் நீலத் திமிங்கலங்களின் கழிவை ஆஷா டி வோஸ் குழு ஆராய்ந்தபோது கிடைத்தது வேறு. அங்கே அவை முக்கியமாகத் தின்பது செர்ஜெஸ்டிட் என்ற சிற்றிறால் வகை. நாம் காயவைத்துக் குழம்பில் போடும் கூனி இறாலின் உறவு.

இந்த விலங்குகளுக்குப் பல் இருந்ததற்கு வயிற்றுக் குழந்தையே சாட்சி. 1807இல் எத்தியேன் ழெஃப்ராய் செயிண்ட் ஹிலேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பலீன் திமிங்கலத்தின் கருவில் பல் மொட்டுகளைக் கண்டார். அவை தோன்றும், வளரும், பிறப்பதற்கு முன் கரைந்துபோகும். மரபணுக்களிலும் இதே கதை. எனாமல் செய்யத் தேவையான மரபணுக்கள் இன்றும் அவற்றிடம் இருக்கின்றன, ஆனால் உடைந்த நிலையில். எம்எம்பி20 என்ற ஒன்றில், இன்றுள்ள எல்லாப் பலீன் திமிங்கலங்களின் பொது மூதாதையிலேயே இடையில் ஒரு துண்டு செருகி அதைக் கெடுத்துவிட்டது என்று 2011இல் காட்டினார்கள்.

பல்லிலிருந்து பலீனுக்கு எப்படிப் போனார்கள் என்பதில்தான் சண்டை. ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஜான்ஜூசீட்டஸ் சுமார் 2.5 கோடி ஆண்டுப் பழையது. பலீன் கிளையைச் சேர்ந்ததுதான், ஆனால் வாய் நிறையக் கூரிய பற்கள். அண்டார்டிகாவின் லானோசீட்டஸ் இன்னும் பழையது, 3.4 கோடி ஆண்டு, 8 மீட்டர் நீளம். இடைவெளி விட்டு நின்ற, முனைமுனையான பற்கள். பார்த்தவுடன் வடிகட்டியோ என்று தோன்றும். தேய்மானம் அதைக் கடிக்கும் விலங்கு என்றே காட்டியது. வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

தென் கரோலினாவின் கொரோனோடானைப் பார்த்தவர்கள், பல் இடுக்குகளாலேயே வடிகட்டியிருக்கும் என்று 2017இல் சொன்னார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு, பழந்திமிங்கலங்களின் பல் விளிம்புகளை அளந்து, வடிகட்டும் சீல்களின் பல் மழுங்கலாக இருக்கும், இவையோ சிங்கப் பல் போலக் கூர், ஆகவே வடிகட்டவில்லை என்றது. பல்லும் பலீனும் கொஞ்ச காலம் ஒரே வாயில் இருந்தன என்பது இன்னொரு கட்சி. ஒரெகன் பகுதியின் ஏட்டியோசீட்டஸுக்குப் பல் இருக்கும்போதே மேலண்ணத்தில், இன்று பலீனுக்கு ரத்தம் கொண்டுபோகும் துளைகளைப் போன்றவை இருந்தன என்பது அவர்கள் சான்று. மூன்றாவது கட்சிக்கு 2018இல் மையாபலீனா கிடைத்தது. அதுவும் ஒரெகன்தான், 3.3 கோடி ஆண்டுப் பழையது. அதற்குப் பல்லும் இல்லை, பலீனைத் தாங்கும் அண்ணமும் இல்லை. உறிஞ்சித் தின்றிருக்கும் என்கிறார்கள். முதலில் பல் போனது, பலீன் பிறகு வந்தது.

எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. ஸ்பெர்ம் திமிங்கலமும் நார்வாலும் உறிஞ்சப் பழகியபின் பல்லை ஏறக்குறைய ஓய்வுக்கு அனுப்பியதை இன்றும் கண்ணால் பார்க்கிறோமே. ஆனால் ஒரே ஒரு பாதையில்தான் எல்லாம் நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தக் காலத்தில் பல வகை வாய்கள் ஒரே கடலில் தம் போக்கில் முயன்று பார்த்திருக்கின்றன.

சரி, மெல்லாமல் விழுங்கினால் செரிக்குமா? நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் அதே கேள்வி. மரபணுக்களின்படி திமிங்கலத்துக்கு இன்று உயிரோடு இருப்பவற்றில் மிக நெருங்கிய உறவு நீர்யானை. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பசுவும் ஆடும் அதே குடும்பம்தான், உலகிலேயே பொறுமையாக மெல்லும் கூட்டம். அந்தக் குடும்பத்தைப் போலவே திமிங்கலத்துக்கும் வயிறு பல அறைகள் கொண்டது. ஓங்கிலின் முதல் அறையில் செரிமான நீர் சுரப்பதில்லை. தடித்த தசைச் சுவர்தான். முழுசாக உள்ளே வந்த மீனை அது பிசைந்து உடைக்கிறது. மிங்கி திமிங்கலத்தின் முதல் அறையில் பாக்டீரியாக்கள் குடியிருந்து, பசுவின் வயிற்றில் புல் நொதிப்பதைப் போல, கிரிலை நொதிக்க வைக்கின்றன.